டிக்கி தனியாக இருக்கிற வண்டி

மார்ச் 3

வாண்டுவின் அப்பாவுக்கு,

போனில் பேச வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள் என்று நம் மகள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசினா மூணாவது நிமிஷம் காரு காணாமப் போயிடுது, பழைய கதை வந்துடுது. எழுதினா கொஞ்சம் யோசிச்சாவது எழுதுவீங்க. நடுவுல தூது போக எனக்கு நேரமில்ல" என்றாள். கால்நடை மருத்துவம் படித்தவள். முட்டிக்கொள்கிற மாடுகளைத் தள்ளித் தள்ளிக் கட்டவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அதனால் எழுதுகிறேன். அவளுக்காக நீங்கள் படத்தை மட்டும் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டு, "ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிடு, சரியாகத்தான் இருக்கும்" என்று என்னை அனுப்பினீர்களே, அந்த வெள்ளி நிறக் காரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

தரகர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "டாக்டர் வச்சிருந்த வண்டிம்மா. ஆஸ்பத்திரி, வீடு, வேற எங்கயும் போனதில்ல" என்றார். எந்த டாக்டர் என்று கேட்டேன். பல் டாக்டர் என்றார். நான் காரை ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் அவர் கண் டாக்டர் ஆகிவிட்டார்.

எக்ஸ்ரே அறையில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவள் நான். மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உள்ளே பார்க்காமல் எனக்கு மனசு ஆறாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். எப்போதும் சுருண்டே இருக்கும் அந்தக் கடைசிப் பகுதியில் பழுப்பாக வண்டல் கோடு. டிக்கிக்குள் மாற்றுச் சக்கரத்தைத் தூக்கச் சொன்னேன். அடியில் காய்ந்த சேறு. வண்டிக்குள் மூன்று வாசனைப் புட்டிகள் தொங்கியும் ஈர நாற்றம் போகவில்லை. அது ரோட்டில் ஓடிய வண்டியா வெள்ளத்தில் மிதந்த வண்டியா என்று தரகரைக் கேட்டேன். மழைக்காலத்தில் எல்லா வண்டியும் கொஞ்சம் நனையும்தானே என்றார்.

பார்த்துவிட்டு வாங்கும் பழக்கம் உங்களுக்கு எப்போதுதான் வரும்? படகே இல்லாமல் படகு இன்ஜின் வாங்கி, அதை நம் படுக்கையறையில் வைத்திருந்த மனிதர் நீங்கள்.

மகள் கேட்டது சின்ன விஷயம். நாலு கதவு, டிக்கி தனியாக இருக்க வேண்டும். தொழுவத்துக்குப் போய்வந்த ரப்பர் பூட்ஸும் கயிறும் மருந்துப் பெட்டியும் பின்சீட்டுக்குப் பின்னால் திறந்து கிடந்தால் அந்த நாற்றத்தோடுதான் நாள் முழுக்க ஓட்டவேண்டும் என்கிறாள். அதோடு வழியில் நின்றுபோகாத வண்டி. நம் இருவர் பங்கும் சேர்ந்த தொகைக்குள் இது கிடைக்காத பொருள் இல்லை.

இங்கே பெரிய ஷோரூமில் நீல நிற வண்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். விலை கொஞ்சம் கூடத்தான். நிம்மதிக்குக் கொடுக்கிற விலை என்று நினைத்துக்கொள்ளலாம்.

வாண்டுவின் அம்மா


மார்ச் 10

வாண்டுவின் அம்மாவுக்கு,

படகு இன்ஜினை இழுக்காமல் உன்னால் ஒரு கடிதம் முடிக்க முடியாது என்று தெரியும். முதல் கடிதத்திலேயே வந்துவிட்டது. நல்லது, இனி அந்தப் பயம் இல்லை.

தரகரிடம் போனேன். "சார், டோக்கன் குடுத்தா குடுத்ததுதான்" என்றார். சீட் பெல்ட்டைப் பற்றிச் சொன்னேன். முகம் மாறிப் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். மீதிப் பாதியை என் முட்டாள்தனத்துக்கான கட்டணம் என்று நீ எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

இப்போது உன் நீல வண்டிக்கு வருவோம். போன வியாழக்கிழமை ஒரு மனை அளக்க உங்கள் ஊர்ப்பக்கம் வந்தேன். வேலை சீக்கிரம் முடிந்தது, ஷோரூமுக்குள் நுழைந்தேன். கண்ணாடிச் சுவர், குளிரூட்டி, கேட்காமலே காபி. டை கட்டிய பையன் ஒருவன் சான்றிதழை ஜாதகம் மாதிரி இரண்டு கையாலும் நீட்டினான்.

நான் சான்றிதழைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தேன். வலது முன்கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே மேலே நகம் நுழையவில்லை, கீழே விரலே நுழைகிறது. இடது பக்கம் மேலும் கீழும் ஒரே இடைவெளி. கோணல் என்றால் என் கண்ணில் தூசி விழுந்த மாதிரி உறுத்தும், உனக்குத் தெரியும். பையனிடம் காட்டினேன். "அது டிசைன் சார்" என்றான். ஒரு பக்கம் மட்டும் டிசைனா என்றேன். மேனேஜரைக் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். காபி ஆறும்வரை இருந்தேன், யாரும் வரவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தால் போல்ட் தலைகளில் ஸ்பேனர் கடித்த தழும்பு. எங்கேயோ நன்றாக இடித்து, நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து, அதற்கு மேல் சான்றிதழும் ஒட்டியிருக்கிறார்கள். அடிபட்ட இடத்திலேயே இன்னொரு அடி விழுந்தால் அந்தக் கதவு தாங்காது. அதற்குப் பக்கத்தில்தான் நம் பெண் உட்காரப்போகிறாள்.

நான் ஒன்று சொல்கிறேன். இங்கே ஒரு தொழிலதிபர் தன் பெரிய வெளிநாட்டு வண்டியை விற்கிறார். புதிதில் என்ன விலை என்று கேட்டால் மயக்கம் வரும். இப்போது நம் தொகைக்குள் தருகிறார். பீரங்கி மாதிரி கட்டுமானம். ஒருமுறை யோசி.

வாண்டுவின் அப்பா


மார்ச் 16

வாண்டுவின் அப்பாவுக்கு,

என் ஊருக்கு வந்து, என் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி நின்று, நான் பார்த்த வண்டியில் குற்றம் கண்டுபிடித்து, அந்தக் காபியையும் குடித்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் வந்திருப்பேன். உங்களோடு வண்டி பார்க்கிற ஆசையில் சொல்லவில்லை. என்னை முட்டாளாக்கும்போது நானும் அங்கே இருக்கலாமே என்றுதான்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் நானே போய்க் கதவிடுக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். நுழைந்தது. நீல வண்டி வேண்டாம்.

உங்கள் பீரங்கியும் வேண்டாம். தொழிலதிபர் ஏன் அவ்வளவு மலிவாகத் தள்ளிவிடுகிறார் என்று கேட்டீர்களா? நான் விசாரித்தேன். ஒரு சின்ன உதிரிப் பாகம் கெட்டால் கப்பலில் வரவேண்டுமாம். வாண்டு இருக்கும் ஊரில் ஒரே ஒரு மெக்கானிக். அவர் கை அதிகம் படுவது டிராக்டரில். அவருக்குத் தெரிந்த வண்டி, பக்கத்து டவுனில் உதிரிப் பாகம் கிடைக்கிற வண்டி, தெருவுக்கு நாலு நிற்கிற சாதாரண வண்டி, அதுதான் அவளுக்கு வேண்டும். உங்களுக்கு நாலு பேர் திரும்பிப் பார்க்கவேண்டும். அது உங்கள் ஆசை. அவளுடையது இல்லை.

இனி எழுதப்போவது எனக்கே எழுதக் கஷ்டமாக இருக்கிறது. நேற்று அவள் போன் செய்தாள். மலையடிவாரத்தில் ஒரு வீட்டில் பசுவுக்கு வயிறு உப்பிக்கொண்டது என்று தகவல் வந்திருக்கிறது. உடனே போய்க் காற்றை இறக்கினால் பிழைத்துவிடும் என்றாள். பஸ் போய்விட்டது. பால் வண்டிக்காரர் வரும்வரை ரோட்டில் நின்றிருக்கிறாள். இவள் போய்ச் சேர்ந்தபோது பசுவின் மேல் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். அந்த வீட்டில் இருந்தது அந்த ஒரு பசுதான்.

"அவங்க என்னைத் திட்டலம்மா. உட்காருங்கன்னு நாற்காலி எடுத்துப் போட்டாங்க" என்று சொல்லி அழுதாள்.

நான் என்ன சொல்லட்டும்? உன் அப்பாவும் நானும் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றா?

வாண்டுவின் அம்மா


மார்ச் 19

வாண்டுவின் அம்மாவுக்கு,

எனக்கும் போன் செய்தாள். பசுவைப் பற்றிச் சொல்லவில்லை. சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். உன் கடிதம் வந்த பிறகுதான் அது எதற்கு என்று புரிந்தது.

நீ எப்போதும் இன்னொன்று பார்க்கலாம் என்கிறாய். நான் பார்க்காமலே வாங்கிவிடுகிறேன். நம் இருவருக்கும் நடுவில் ஒரு வண்டி இருந்திருக்க வேண்டும், நாம் தாண்டி வந்துவிட்டோம். பெரிய வண்டியை விட்டுவிட்டேன். தெருவுக்கு நாலு நிற்கிற வண்டியே இருக்கட்டும். நீ தேடு. ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் நான் ஓட்டிப் பார்ப்பேன். இதில் பேச்சே இல்லை.

வாண்டுவின் அப்பா


மார்ச் 25

வாண்டுவின் அப்பாவுக்கு,

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். அவசரப்பட்டுச் சந்தோஷப்படவேண்டாம்.

ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர். எங்கள் அறைக்குப் படம் எடுக்க வந்த அவர் மனைவி சொல்லித்தான் தெரியும். அவருக்கு ஓரப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு முறை சொந்த கேட்டிலேயே உரசிவிட்டார். இனி ஓட்டக்கூடாது என்று அந்த அம்மா சாவியை வாங்கி வைத்துவிட்டார்.

வெள்ளை நிறம். சாதாரண வண்டி. டிக்கி தனி, நல்ல ஆழம். பெல்ட்டை இழுத்தேன், மாற்றுச் சக்கரத்தைத் தூக்கினேன், கதவிடுக்கில் உங்கள் விரல் பரீட்சையும் செய்தேன். மீட்டரில் காட்டும் தூரத்துக்கும் பெடல் ரப்பர் தேய்ந்திருக்கும் அளவுக்கும் பொருந்துகிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டும் என்று காலையில் சொல்லாமல் போய் நின்றேன். முதல் திருப்பிலேயே கிளம்பியது.

சிக்கல் வண்டியில் இல்லை, கார்டில். அவர் விற்பதற்காக ஆள் பார்க்கவில்லை, பெண் கொடுக்கிறவர் மாதிரி பார்க்கிறார். இதுவரை வந்த மூன்று பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒருவர் கதவை அறைந்து சாத்தினாராம், அதற்காக. "குடும்பமா வாங்க, ஓட்டிப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்கிறார். மகளுக்கு லீவு இல்லை. வருகிற ஞாயிறு காலை நீங்கள் வரவேண்டும். சட்டையை இஸ்திரி போட்டு வாருங்கள். நம் விவகாரம் எதையும் அங்கே பேசவேண்டாம்.

வாண்டுவின் அம்மா


ஏப்ரல் 1

வாண்டுவின் அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு நான்தான் காரணம் என்று நீ மகளிடம் சொல்லியிருக்கிறாய். எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன். எங்கே பொய் என்று காட்டு.

சட்டை இஸ்திரி போட்டிருந்தேன். கார்டு பின்சீட்டின் நடுவில், ரயிலில் உட்கார்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். நீ என் பக்கத்தில். முதல் வளைவுவரை எல்லாம் ஒழுங்கு. பெரிய ரோடு வந்ததும் பிரேக்கை அழுத்தினேன். பெடல் கொஞ்சம் மெத்தென்று உள்ளே போனது. "பிரேக் சரியில்ல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

நீ என்ன சொன்னாய்? "நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குக் கால் பழகல" என்றாய். ஓட்டுகிறவன் நான், என் காலைப் பற்றி உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "உங்க காலைப் பத்தி எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷம் நீங்க பிரேக்கே பிடிக்காம ஓட்டின குடும்பத்துலதான் இருந்தேன்" என்றாய். அதன் பிறகு நானும் சிலது சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. உன் அண்ணனை அதில் இழுத்திருக்க வேண்டாம்தான். ஆனால் தொடங்கியது நீ.

அப்போதுதான் பின்னாலிருந்து, "வண்டிய ஓரம் கட்டுங்க" என்று குரல் வந்தது. சத்தமே போடவில்லை அவர். ஓரம் கட்டினேன். இறங்கினார். கதவை மெதுவாகச் சாத்தினார். "பதினோரு வருஷமா இதுக்குள்ள யாரும் குரல உசத்தினதில்லைங்க. வண்டிய வீட்டுல விட்டுட்டுப் போங்க. நான் நடந்து வரேன்" என்று சொல்லிவிட்டு, ஓரப்பார்வை இல்லாத மனிதர், அந்த லாரி போகிற ரோட்டில் வேலியைத் தடவிக்கொண்டே நடந்தார். நீ இறங்கி ஓடி அவர் கையைப் பிடித்தாய். உதறினார். நான் பின்னாலேயே வண்டியை நத்தை மாதிரி உருட்டிக்கொண்டு வந்தேன். நீ அவருக்கும் லாரிக்கும் நடுவில் நடந்தாய். மூன்று பேரும் ஊர்வலம் போவதை வழியில் எல்லோரும் பார்த்தார்கள்.

கிடைத்த ஒரே நல்ல வண்டியையும் ஒரே காலையில் கெடுத்தோம். நீ மட்டும் இல்லை, நான் மட்டும் இல்லை, இருவரும் சேர்ந்துதான் செய்தோம். மகளிடம் அப்படிச் சொல்.

பிரேக் மெத்தென்றுதான் இருந்தது.

வாண்டுவின் அப்பா


ஏப்ரல் 9

வாண்டுவின் அப்பாவுக்கு,

மேலே படிப்பதற்கு முன் ஒரு நிபந்தனை. இதில் வரும் ஒரு விஷயத்தை இனி எந்தக் காலத்திலும் நீங்கள் என்னிடம் சொல்லிக்காட்டக் கூடாது. சம்மதம் என்றால் அடுத்த பத்திக்குப் போங்கள்.

நேற்று வேலை முடிந்து கார்டு வீட்டுக்குப் போனேன். வண்டி கேட்கப் போகவில்லை. கண் தெரியாதவரை ரோட்டில் நடக்கவைத்தது என்னைத் தூங்கவிடவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாம் சொல்லிவிட்டேன். நாங்கள் கணவன் மனைவி இல்லை, பிரிந்து ஆறு வருஷம் ஆகிறது, குடும்பமாக வாங்க என்றதால் அப்படி வந்து நின்றோம், வண்டி எங்களுக்கு இல்லை, மகளுக்கு என்று. பசுவைப் பற்றியும் சொன்னேன். சாக்குப் போட்டு மூடியிருந்ததையும் விடவில்லை.

அவர் உள்ளே வரச் சொன்னார். பிறகு, "நீங்க போனப்புறம் நீங்க எதுக்குச் சண்டை போட்டீங்கன்னு யோசிச்சேன்மா. பிரேக்குக்குத்தானே. மெக்கானிக்க வரச்சொல்லிப் பாத்தேன். பின்சக்கரத்துல எண்ணெய் கசியுது. எனக்கே தெரியல. அவரு சொன்னதுதான் சரி" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. இதுதான் அந்த விஷயம். எழுதிவிட்டேன்.

பழுதைத் தன் செலவிலேயே சரிசெய்துவிட்டார். "நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டே எல்லாரும் விலைய இறக்கத்தான் பாத்தாங்க. பிரேக் கெட்டிருக்குன்னு சொல்லி ஒருத்தர்தான் சண்டை போட்டாரு. அந்தப் பொண்ணு ஓட்டட்டும்" என்றார். அந்த அம்மா உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து அவர் கையில்தான் கொடுத்தார். அவர் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எனக்குக் கொடுத்தார்.

மகளால் வந்து எடுத்துப்போக முடியாது. அங்கே மாற்றுக்கு ஆள் இல்லை. வண்டியைக் கொண்டுபோய் விடவேண்டும். நான் அவ்வளவு தூரம் தனியாக ஓட்டியதில்லை. யோசித்து எழுதுங்கள்.

வாண்டுவின் அம்மா


ஏப்ரல் 12

வாண்டுவின் அம்மாவுக்கு,

சொல்லிக்காட்ட மாட்டேன். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

யோசிக்க என்ன இருக்கிறது? சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். நான் ஓட்டுகிறேன், நீ வழி சொல்லு. வழியைப் பற்றி மட்டும் சொல்லு. டயருக்குக் காற்று நானே பார்க்கிறேன். பெயர் மாற்றும் வேலைக்கு இருவர் கையெழுத்தும் வேண்டாம், அவள் ஒருத்தி பெயரிலேயே வாங்கிவிடலாம். நம் இருவரில் யாருக்கும் அந்த வண்டியில் பாத்தியம் வேண்டாம். நாம் கூட்டாக வைத்திருந்த எதுவும் உருப்பட்டதில்லை, அவளைத் தவிர.

வாண்டுவின் அப்பா


ஏப்ரல் 23

வாண்டுவின் அப்பாவுக்கு,

சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டீர்கள். நான் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வெளியே வந்து பார்த்தால் ஆளைக் காணோம். மகளிடம் கேட்டேன். "அப்பா போயிட்டாரு, திங்கக்கிழமை அளவு வேலையாம்" என்றாள். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கலாம். டயருக்குக் காற்றுப் பார்த்த புண்ணியவான் மாற்றுச் சக்கரத்துக்கும் பார்த்திருக்கலாம். பாதி வழியில் டயர் பஞ்சராகி நின்று, காற்று இல்லாத சக்கரத்தை லாரிக்காரரிடம் கெஞ்சி நிரப்பியதை மறந்துவிடவில்லை. ஆனாலும் அந்த வெயிலில் நாம் சண்டை போட்டுக்கொள்ளவில்லை என்பதை இங்கே வந்த பிறகுதான் கவனித்தேன்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டு மாதம் நாம் அலைந்து, கத்தி, எழுதி, ஒரு நல்ல மனிதரை நடுரோட்டில் நடக்கவிட்டு வாங்கிய வண்டி. அவள் ஒரு பார்வை பார்த்தாளா? தொழுவத்து வாசலில் நாம் ஹாரன் அடித்தால், தோள்வரைக்கும் கையுறையோடு தலையை நீட்டி, "வந்துட்டீங்களா, சீக்கிரம் உள்ள வாங்க, கயிறு பிடிக்க ஆளில்ல" என்றாள். உங்கள் இஸ்திரிச் சட்டையோடு நீங்கள் அந்த வைக்கோலில் இறங்கியபோது நான் நம்பவில்லை.

வயிற்றில் சிக்கிக்கொண்ட கன்றின் முன்கால் ஒன்றில் கட்டிய கயிறு உங்கள் கையில், இன்னொன்று என் கையில். நீங்கள் வந்ததும் வராததுமாக இழுக்க ஆரம்பித்தீர்கள். அவள் எப்படிப் பேசினாள் கவனித்தீர்களா? "அப்பா, விடுங்க. மாடு முக்கறப்ப மட்டும்தான் இழுக்கணும். அம்மா, நீங்களும்தான். நான் சொல்றப்ப ரெண்டு பேரும் சேர்ந்து. ஆளுக்கொரு நேரத்துல இழுத்தா கன்னு போயிடும்." எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. ஆனால் அவள் அடுத்து "இப்ப" என்றபோது இழுத்தேன். நீங்களும் இழுத்தீர்கள். "விடுங்க" என்றபோது விட்டோம். எத்தனை தரம் என்று தெரியவில்லை. கடைசியில் அது மொத்தமாக வழுக்கி வெளியே வந்ததும் நீங்கள் பின்னால் விழுந்தீர்கள். நான் சிரிக்கவில்லை, அந்த நேரத்தில் மூச்சில்லாமல் கிடந்த கன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வைக்கோலால் அதன் மார்பைப் பரபரவென்று தேய்த்தாள், மூக்கில் ஒரு துரும்பை விட்டாள். அது தும்மியது. அதற்குப் பிறகு சிரித்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்காது, சேற்றைத் துடைத்துக்கொண்டு அடிபம்புக்குப் போய்விட்டீர்கள்.

நீங்கள் அடிபம்புக்குப் போன பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தாய்மாடு கன்றை நக்கிக்கொண்டிருந்தது. மாட்டுக்காரர் என்னையும், பம்படியில் நின்ற உங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "டாக்டரம்மா, இவங்க ரெண்டு பேரும் உங்க உதவிக்கு வந்த ஆளுங்களா?" என்று கேட்டார்.

அவள் கையுறையை உருவிக்கொண்டே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆமாங்க" என்றாள். "புது ஆளுங்க. சேர்ந்து வேலை செஞ்சு இன்னும் பழகல. போகப் போக வந்துடும்."

நான் உங்கள் கயிற்றையும் சேர்த்துச் சுருட்டி அவளிடம் கொடுத்தேன். உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

வாண்டுவின் அம்மா